கியர் தடி தொளதொளத்தால் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் இருப்பது நிசான் சன்னி எஃப்.பி. 14, மெனுவல் கியர். மூன்று மாதமாகக் கியர் தடி ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. முதலாம் கியரும் ரிவர்ஸும் கஷ்டப்பட்டுத்தான் விழுந்தன. போன கிழமை சந்தை வாசலில் தடி ஒரேயடியாகத் தொளதொளத்துவிட்டது. எந்தக் கியரும் விழவில்லை. கராஜில் கியர்பொக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு காசு இப்போது கையில் இல்லை. குறைந்த செலவில் வழி இருக்கிறதா?"

இருக்கிறது தம்பி. நீங்கள் சொன்ன வரிசையைப் பார்த்தால் கியர்பொக்ஸுக்குள் எதுவும் உடைந்திருக்க வாய்ப்புக் குறைவு. உள்ளே பழுதானால் தடி பெரும்பாலும் இப்படிக் கையோடு வராது. இறுகிப் போகும், கரகரவென்று சத்தம் போடும், கியர் விழுந்தும் வண்டி நகராது, அல்லது ஒரு கியர் மட்டும் ஓடும்போது துள்ளி வெளியே வரும். முதலில் ஆட்டம், பிறகு கியர் விழக் கஷ்டம், கடைசியில் ஒரு நாள் மொத்தமாகக் கழன்ற மாதிரி என்றால், அது தடிக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கம்பி இணைப்பு தேய்ந்து தேய்ந்து விடுபட்ட கதை. அந்த இணைப்பு காருக்கு அடியில், வெளியே தொங்குகிறது. அதைத் தொட கியர்பொக்ஸை இறக்கத் தேவையில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, சைலன்சர் குழாய் நன்றாக ஆறிய பிறகு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கினால் ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. நம் பக்கத்து வளவுகள் எல்லாம் மணல். ஜக் ஒரு பக்கமாகப் புதையும். ஜக்குக்கு அடியில் ஓர் அகலமான தடித்த பலகை போடுங்கள். பாரத்தை ஸ்டாண்டில் இறக்குங்கள். அதற்கு மேலும் காப்பாக ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காரின் கதவு வாசல்படிக்கு அடியில் படுக்க வையுங்கள். இதெல்லாம் தொல்லை என்று பட்டால், பிட் (காருக்கு அடியில் இறங்கி நிற்கும் குழி) இருக்கும் ஒரு சேர்விஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் கேட்டுப் பாருங்கள். சின்னக் காசுக்கு விடுவார்கள்.

இப்போது உள்ளே ஒருவரை இருத்தித் தடியை மெதுவாக முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் அடியிலிருந்து பாருங்கள். சன்னியில் தடிக்குக் கீழிருந்து இரண்டு கம்பிகள் முன்னால் கியர்பொக்ஸை நோக்கிப் போகும். ஒன்று அசைகிற கம்பி. கியர் போடுவது அதுதான். மற்றது தாங்கு கம்பி. தடியை ஆட்டும்போது அது அசையக்கூடாது. எஞ்சின் குலுங்கும்போது தடியின் அடிப்பாகமும் சேர்ந்து அசையும்படி பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. தடி ஆடுகிறது, அசைகிற கம்பி சும்மா இருக்கிறது என்றால் தடியின் அடிமுனையில் கழன்றிருக்கிறது. கம்பியும் ஆடுகிறது, கியர்பொக்ஸிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் தண்டு மட்டும் அசையவில்லை என்றால் முன்முனையில் கழன்றிருக்கிறது. இரண்டும் பொருத்தமாக இருந்து, தடியின் அடிப்பாகமே முழுதாக ஆடுகிறது என்றால் தாங்கு கம்பியின் ரப்பர் புஷ், அதாவது மூட்டுக்குள் செருகியிருக்கும் வளையம், போய்விட்டது.

அடுத்த சோதனைதான் உங்கள் காசைக் காப்பாற்றப் போவது. கியர்பொக்ஸிலிருந்து நீட்டும் அந்தத் தண்டைக் கையால் பிடித்து உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, சற்றுத் திருப்பியும் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் 'டக்' என்று உட்கார்ந்து நிற்க வேண்டும். உட்காராவிட்டால் முன் சக்கரத்தைக் கையால் இம்மியளவு திருப்பிவிட்டு மறுபடி தள்ளுங்கள். அப்படி டக்டக்கென்று விழுந்தால் உள்ளே கியர் மாற்றும் பகுதி நல்லபடி இருக்கிறது. கராஜுக்குப் போய், "தண்டைக் கையால் தள்ளிப் பார்த்தேன், கியர் விழுகிறது, வெளி இணைப்பைத்தான் செய்ய வேண்டும்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனம் பல ஆயிரம் ரூபாவைக் காக்கும். கராஜ்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. வேலை நெருக்கத்தில் அடியில் படுத்துப் பார்க்க நேரமில்லாமல் பெரிய பழுதாகவே கணக்குச் சொல்லிவிடுவது உண்டு.

கிளச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் அது கிளச் சரியாக விடவில்லை என்பது. அது வேறு வைத்தியம்.

எல்லாக் காரும் கம்பி வைத்தது அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், வேறு வண்டி வைத்திருப்பவர்களும் படிப்பார்கள். மாருதி 800 உங்கள் சன்னியைப் போலக் கம்பி. டொயோட்டா கொரோலா 110 கேபிள். கேபிள் வண்டிகளில் இரண்டு கேபிள் இருக்கும். ஒன்று தடியின் இட வல அசைவைக் கொண்டுபோகும், மற்றது முன் பின் அசைவை. முன் பின் கேபிள் கழன்றால் எந்தக் கியரும் விழாது. இட வலக் கேபிள் மட்டும் கழன்றால் பெரும்பாலான வண்டிகளில் மூன்றாம் நான்காம் கியர் மட்டும் விழும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நியூட்ரலில் அந்த வரிசைக்கே இழுத்து வைத்திருக்கும். ஆகவே "மூன்றும் நாலும் மட்டும் விழுகிறது" என்று யாராவது சொன்னால் பொனட்டைத் திறந்து கேபிள் முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முனையில் இருக்கும் நைலோன் புஷ் வெடித்து, கேபிள் அருகிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, நடுவழியில் இப்படி ஆகிவிட்டால்? கியரைக் கையால் இரண்டாவதில் போட்டுவிட்டு வீடு வரை வரலாம். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அந்தத் தண்டையோ கேபிள் முனை மாட்டும் கியர்பொக்ஸ் லீவரையோ இரண்டாம் கியருக்குத் தள்ளுங்கள். பிறகு கிளச்சை முழுதாக அமத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் வண்டி பாய்ந்துவிடும். மெதுவாகக் கிளச்சை விட்டு, மணிக்கு 30 கிலோமீற்றருக்கு உட்பட்டு ஓட்டுங்கள். ரிவர்ஸ் கிடையாது என்பதை மறக்காமல், பின்னெடுக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

கட்டுக்கம்பி சுற்றிக்கொண்டு ஓடுவதைப் பற்றி என் அனுபவம் ஒன்று. மட்டக்களப்புக் கல்லடியில் 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலம் மட்டும் இருந்த காலம். புதுப் பாலம் 2013இல்தான் திறந்தார்கள். பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனந்தான் போகலாம். என் பழைய வானின் கியர் கம்பி முனையில் கிளிப் விழுந்து, ஒரு கராஜில் கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கித் தந்தார்கள். "இனிப் பயமில்லை" என்றார்கள். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூட நேரம், பாலத்தின் நடுவில் கம்பி அறுந்து தடி கையோடு வந்தது. பின்னால் பஸ், ஓட்டோ, சைக்கிளில் பிள்ளைகள். எதிர்ப்பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலைந்து பேர் கரை வரை தள்ளிக் கொடுத்தார்கள். அந்தக் காலை எனக்கு இன்றும் மறக்கவில்லை. கட்டுக்கம்பி அசைகிற இடத்தில் நிற்காது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது மடிந்து நிமிர்கிறது, மடிகிற இடத்தில் களைத்து அறும். வீடு போய்ச் சேர மட்டும் கட்டுங்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகக் கட்டாதீர்கள்.

இனி பழுது பார்க்கும் வேலை. எது போயிருக்கிறது என்பதைப் பொறுத்துச் செலவு மாறும்.

மிக மலிவானது கிளிப்போ பின்னோ விழுந்தது. சரியான அளவு ஸ்ப்ளிட் பின்னும் ஒரு வொஷரும் எந்தச் சாமான் கடையிலும் கிடைக்கும். ஆணியை வளைத்துப் போடாதீர்கள். மெல்லிய ஆணி துளையில் ஆடி ஆடித் துளையைப் பெரிதாக்கும். பிறகு கம்பியையே மாற்ற வேண்டி வரும். சன்னியில் முன்முனை மூட்டை ஒரு ஸ்பிரிங் பின் பிடித்திருக்கும். நடுவில் பிளவுபட்ட குழாய் போன்ற பின் அது. அதை அளவான பஞ்ச் வைத்துத் தட்டித்தான் கழற்ற வேண்டும். முதல் நாளே துருவிறக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். கழற்றிய பின்னைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள், ஒரு தடவை அடித்து எடுத்தது பழைய பிடி பிடிக்காது.

அடுத்தது புஷ். உங்களுக்கு இதுதான் என்று நினைக்கிறேன். புஷ் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடலாம், அங்கிருந்து பஸ்ஸில் பார்சலாகவும் எடுப்பிக்கலாம். ஆனால் சின்னப் புஷ் ஒன்றுக்காக முழுக் கம்பியையும் சேர்த்துத்தான் விற்போம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. அங்கேதான் நம் ஊர் லேத் பட்டறைகள் கை கொடுக்கின்றன. காத்தான்குடியிலும் கல்முனையிலும் சாம்பிளைக் கொடுத்தால் அப்படியே கடைந்து தரும் கைகாரர்கள் இருக்கிறார்கள். "காக்கா, இந்த அளவுக்கு ஒன்று கடைஞ்சு தாங்க" என்று பழைய புஷ்ஷையும், அது உட்காரும் பின்னையும், அது நுழையும் கண்ணையும் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய புஷ்ஷை மட்டும் கொடுத்தால் தேய்ந்த அளவிலேயே புதியதையும் கடைந்து தந்துவிடுவார்கள். பின்னும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வரம்பு தட்டினால் பின்னையும் சேர்த்துச் செய்வியுங்கள்.

எதில் கடைவது என்பது முக்கியம். சாதாரண நைலோன் ஈரத்தை இழுத்துச் சற்று ஊதும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் அல்ல. இறுக்கமாகப் போட்ட நைலோன் புஷ் மாரியில் பிடித்துக்கொண்டு கியர் தடி கனக்கும். நைலோன் என்றால் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை இடம் விடச் சொல்லுங்கள். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பி பட்டறையில் இருந்தால் அதையே கேளுங்கள். அது ஈரத்துக்கு அவ்வளவாக ஊதாது, தேய்வும் குறைவு. பித்தளைப் புஷ் நெடுநாள் நிற்கும், உண்மை. ஆனால் அது எஞ்சின் அதிர்வை அப்படியே தடிக்குக் கொண்டுவரும், கிரீஸ் காய்ந்தால் பின்னைத் தின்னும். தண்ணீர்க் குழாய்த் துண்டை வெட்டிச் செருகுவதும் சிலர் செய்வது. சைலன்சர் சூட்டில் அது இளகிவிடும். அதைச் செய்யாதீர்கள்.

தாங்கு கம்பியின் ரப்பர் புஷ் போயிருந்தால் அந்த இடத்துக்கு ரப்பர்தான் வேண்டும். கடைந்த நைலோனோ பித்தளையோ போட்டால் தடி கிடுகிடுவென்று அதிரும். அசல் கிடைக்கவில்லையா? வெளி விட்டம், உள் விட்டம், நீளம் மூன்றையும் அளந்துகொண்டு சாமான் கடையில் ஷொக் அப்சோபர் கண்ணுக்குப் போடும் ரப்பர் புஷ்களைக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு வண்டியினது பொருந்திவிடும். சற்றுப் பெரிதாக இருந்தால் அரைத்துக் குறைக்கலாம். சிறிதாக இருப்பதைத் துணி சுற்றிப் போடக்கூடாது.

கம்பியே முறிந்திருந்தால் வெல்டிங் செய்யலாம். அது சாதாரண இரும்புதான், நன்றாகப் பிடிக்கும். ஆனால் கம்பியைக் கழற்றி வெளியே எடுத்து ஒட்ட வேண்டும். காரில் வைத்தபடியே ஒட்டினால் பக்கத்தில் இருக்கும் ரப்பரும் நைலோனும் உருகும். பெற்றோல் குழாயும் அடியால்தான் போகிறது. ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை, இதைக் கட்டாயம் செய்யுங்கள்: முறிந்த இரண்டு துண்டையும் ஒரு பலகையில் முறிவு பொருந்தும்படி வைத்து, இரு முனைத் துளைகளிலும் ஆணி அடித்து நிறுத்துங்கள். துளைக்குத் துளை நீளத்தைப் பலகையில் எழுதி வையுங்கள். ஒட்டி முடிந்ததும் அதே ஆணிகளில் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். சில மில்லிமீற்றர் குறைந்தாலும் ஒரு பக்கத்துக் கியர்கள் அரைகுறையாகத்தான் விழும். முறிவை இரு பக்கமும் சரித்து அரைத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள், மேலால் பொட்டு வைத்தது போல் ஒட்டியது நிற்காது. நைலோன் குழிக்குள் உருண்டை உட்காரும் மூட்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டே சூடு காட்டலாம். அலுமினிய வார்ப்புத் துண்டு உடைந்தால் சாதாரண வெல்டிங் பிடிக்காது. அதற்குப் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் அதே துண்டை எடுப்பதுதான் மலிவு.

கேபிள் வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டோவின் கியர் கேபிளைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டோ கேபிள் இழுக்க மட்டுந்தான். அதனால்தான் அதில் இந்தப் பக்கம் இழுக்க ஒன்று, அந்தப் பக்கம் இழுக்க ஒன்று என்று இரண்டு போட்டிருக்கிறார்கள். காரின் கியர் கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். தள்ளும்போது வளையாமல் நிற்க அதன் உள் கம்பியும் உறையும் வேறு மாதிரிச் செய்யப்பட்டவை. உள் கம்பி அறுந்தால் ஒட்டுப்போட முடியாது, பாவித்த கேபிள் தேடுங்கள். வாங்கும்போது கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், எங்கும் பிடிக்காமல் வழுக்க வேண்டும். முனை ரப்பர் உறை கிழிந்ததை வாங்காதீர்கள், அந்த வழியால் தண்ணீர் போய் உள்ளே துரு ஏறியிருக்கும்.

ஒட்டோமெட்டிக் கியர் கார் வைத்திருப்பவர்கள் தடிக் கேபிளில் கைவைத்தியம் செய்யவே வேண்டாம். தடி 'என்'னில் (நியூட்ரல்) நிற்கும், உள்ளே 'ஆர்' (ரிவர்ஸ்) விழுந்திருக்கும். முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கு ஆபத்து.

பொருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இசைவு பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கம்பியின் நடுவில் கவ்வி இருக்கும், அங்கே நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கியர்பொக்ஸும் நியூட்ரல், தடியும் நியூட்ரலில் நேராக நிற்க, அப்போது கவ்வியை இறுக்குங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தியபடி ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள். முன்னால் போகும் தூரமும் பின்னால் வரும் தூரமும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். தடி டக்கென்று உட்கார்வதற்கு முன்பே கொன்சோலில் முட்டினால் கியர் முழுதாக விழவில்லை என்று பொருள். இதை அலட்சியம் செய்தால்தான் உண்மையான பெருஞ்செலவு வரும். அரைவாசி விழுந்த கியரில் ஓட ஓடப் பல்லின் விளிம்பு உருண்டு, பிறகு கியர் தானாகத் துள்ளத் தொடங்கும். அப்போது கியர்பொக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் பிடி, அதாவது எஞ்சின் மவுண்ட். பொனட்டைத் திறந்து வைத்து, உள்ளே இருப்பவர் பிரேக்கை நன்றாக அமத்திக்கொண்டு முதலாம் கியரில் கிளச்சை இம்மி இம்மியாக விடட்டும், பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. நீங்கள் காருக்கு முன்னால் அல்ல, பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சின் துள்ளி எழும்பினால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. எஞ்சின் குதிக்கும் ஒவ்வொரு தடவையும் கியர் கம்பியை இழுத்து அடிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் புஷ் போட்டால் சில மாதத்தில் மறுபடி இதே பழுதோடு நிற்பீர்கள். காசு இரண்டுக்கும் போதாவிட்டால் மவுண்டுக்கு முதலிடம் கொடுங்கள், புஷ்ஷை லேத்தில் கடைந்து சமாளிக்கலாம்.

இந்தப் புஷ்கள் ஏன் நம் பக்கத்தில் இவ்வளவு சீக்கிரம் போகின்றன என்றால், உப்புக்காற்று ஒன்று, மணல் ஒன்று, மாரி வெள்ளம் ஒன்று. வெள்ளம் வடிந்த வீதியில் ஓடிவிட்டு வந்தால் சேறும் மணலும் மூட்டில் ஒட்டிக் காய்ந்து அரத்தாள் வேலை பார்க்கும். கிரான் பக்கமோ வெல்லாவெளிப் பக்கமோ மாரியில் போய் வருபவர்கள், தை பிறந்து மழை விட்டதும் அடியைத் தண்ணீரால் கழுவி, நைலோன் மூட்டுகளுக்குப் புதுக் கிரீஸ் பூசுங்கள். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸும் டீசலும் பகை. ரப்பர் ஊதி மென்மையாகிக் கிழியும். அதற்கு சிலிக்கன் கிரீஸ் மட்டும். காரைக் கழுவிவிட்டு அடியில் ஒயில் அடிக்கும் இடங்களில் ரப்பர்கள் இருக்கும் பக்கத்தை விட்டு அடிக்கச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சன்னி தொண்ணூறுகளின் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். இடையில் 2022இல் ரூபாவும் விழுந்தது. ஆகவே இந்த வயதுக் கார்களை விட்டுவிட நம்மால் ஏலாது, பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். புஷ் கடையும்போது ஒன்றுக்கு இரண்டாகக் கடைந்து, மற்றதை இரண்டு ஸ்ப்ளிட் பின்னோடு ஒரு சின்னப் பேணியில் போட்டு டாஷ்போர்டுக்குள் வையுங்கள். லேத்தில் அளவு வைத்த பிறகு இரண்டாவதற்குக் கூலி அவ்வளவு கூடாது.

இந்த ஞாயிறு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கழன்றது தடிமுனையா கியர்பொக்ஸ் முனையா என்பதையும், பின்னின் விட்டத்தையும் எழுதுங்கள் தம்பி. எந்த அளவில் கடையச் சொல்வது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.